தலைவர் மறைந்ததாக வதந்தி வந்தால்: கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

நம் மாத இதழில் வரி, எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று பல விஷயங்களை எழுதுகிறோம். ஆனால் நம் எல்லோருக்கும் அனுபவம் இருந்தும், யாரும் உட்கார்ந்து எழுதாத விஷயம் ஒன்று உண்டு. ஒரு பெரிய தலைவர் உடல்நலம் இல்லாமல் மருத்துவமனையில் இருக்கிறார். மதியம் மூன்று மணிக்கு யாரோ ஒருவர் வந்து, "முடிஞ்சு போச்சாம்" என்கிறார். அடுத்த அரை மணி நேரத்தில் கடைவீதி முழுவதும் ஷட்டர் இறங்குகிறது. செய்தி உண்மையா பொய்யா என்பது பிறகுதான் தெரிகிறது. இடைப்பட்ட நேரத்தில் நம் தொழிலில் என்ன நடக்கிறது, அதில் நம் பங்கு என்ன, இனி எப்படி நடந்துகொள்ளலாம் என்பதைத் தெரிந்தவரை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். நாற்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகப் புளி, மிளகாய், மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1984இல் நான் செய்த தவறு

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

1984 அக்டோபர் 5ஆம் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்த மாதம் முழுவதும் தமிழ்நாட்டில் இதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. அப்பாவோடு மண்டியில் இருந்தேன். செல்போன் இல்லாத காலம். வெளியூர் பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஒருநாள் பிற்பகல் அப்பா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். சேலத்திலிருந்து ஒரு தரகர் டிரங்க் காலில் வந்தார். மிளகாய் விலை பேசி முடித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "தலைவர் போயிட்டாராம், கடையை எடுத்து வைங்க" என்றார். நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. எழுந்து போய்க் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக மாட்ட ஆரம்பித்தேன். எதிர்க்கடை அண்ணாச்சி பார்த்தார், "என்ன தம்பி?" என்றார். கையால் சைகை காட்டினேன், அவ்வளவுதான். பதினைந்து நிமிடத்தில் எங்கள் தெருவில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் பரவிவிட்டது.

மாலை வானொலிச் செய்தியில் அப்படி எதுவும் இல்லை. எம்.ஜி.ஆர். நவம்பர் 5ஆம் தேதி அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கிருந்தபடியே தேர்தலில் வென்று, 1985 பிப்ரவரி 4ஆம் தேதி ஊர் திரும்பினார். அதன் பிறகு மூன்று வருடம் இருந்து, 1987 டிசம்பர் 24 அதிகாலையில்தான் மறைந்தார்.

அன்று எங்கள் தெருமுனையில் ஒரு அம்மாள் மாலை நேரத்தில் இட்லிக் கடை போடுவார். இரண்டு பாத்திரம் மாவு கரைத்து வைத்திருந்தார். தெருவில் ஆள் இல்லை. மறுநாள் அந்த மாவு புளித்து வீணாகியது. அந்த மாவுக்கான அரிசியும் உளுந்தும் எங்கள் கடையிலேயே கடனுக்கு வாங்கியது. அப்பா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "டேய், சேலத்துக்காரன் சொன்னதை நீ கேட்டே. தெருவிலே வேற யாரும் அதைக் கேக்கலே. நீ பலகை மாட்டுனதைத்தான் எல்லாரும் பார்த்தாங்க" என்றார். அந்த அம்மாளின் சிட்டையில் அந்த வாரத்துப் பாக்கியை அடித்துவிட்டார்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதுதான். வாயால் வருகிற வதந்தியைப் பாதிப் பேர் நம்புவார்கள், பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். கடை அடைத்திருப்பதைக் கண்ணால் பார்த்தால் எல்லோரும் நம்பிவிடுவார்கள். "விஷயம் தெரியாமலா வியாபாரி கடையை மூடுவான்?" என்பது பொதுமக்களின் கணக்கு. நாம் பயந்து மூடுகிறோம், ஜனங்கள் அதை உறுதிச் செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அந்த ஜனங்களின் பரபரப்பைப் பார்த்து நாம் இன்னும் பயப்படுகிறோம்.

வதந்தி எங்கிருந்து வருகிறது?

ஜனங்கள் பொய் பேசுகிறவர்கள் என்பதால் மட்டும் வதந்தி வருவதில்லை. தெரிய வேண்டியவர்கள் தெரிய வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருப்பதாலும் வருகிறது.

1984 அக்டோபர் 31 காலையில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். பி.பி.சி. வானொலி முன்னதாகவே சொல்லிவிட்டது. நம் அகில இந்திய வானொலி அவர் மறைவை மாலையில்தான் அறிவித்தது. நடுவில் இருந்த மணி நேரங்களில் யார் சொல்வதை நம்புவது என்று தெரியாமல் கடைகள் பாதி திறந்தும் பாதி மூடியும் கிடந்தன. அன்று முதல் எங்கள் தெருவில், பெரிய செய்தி என்றால் பி.பி.சி. கேட்காமல் யாரும் நம்புவதில்லை என்று ஆகிவிட்டது. அரசாங்கம் தாமதித்தால் அதன் வார்த்தைக்கு மதிப்புக் குறைகிறது. அடுத்த முறை அது உண்மையைச் சொன்னாலும் ஜனங்கள் சந்தேகப்படுகிறார்கள்.

அரசாங்கமே அவசரப்பட்டதும் உண்டு. 1979 மார்ச் 22ஆம் தேதி ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமானார் என்று நாடாளுமன்றத்திலேயே அறிவித்து, இரங்கல் சொல்லி, சபையை ஒத்திவைத்தார்கள். வானொலியும் சொன்னது. பம்பாய் மருத்துவமனையில் அவர் உயிரோடு இருந்தார். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு மேல் இருந்து, அக்டோபர் 8ஆம் தேதிதான் மறைந்தார். நாடாளுமன்றத்துக்கே அப்படி நேர்ந்தது என்றால், கடைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நாம் எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும்!

2018இல் கலைஞர் கருணாநிதி சென்னை காவேரி மருத்துவமனையில் இருந்தபோதும் பலவிதமான பேச்சுகள் கிளம்பின. ஆனால் மருத்துவமனை அவ்வப்போது அறிக்கை கொடுத்தது. ஆகஸ்ட் 7ஆம் தேதி மாலை 4.30 மணிக்கு நிலைமை மிக மோசம் என்று அறிக்கை வந்தது. மாலை 6.10 மணிக்கு மறைந்தார் என்று அறிவித்தார்கள். இடையில் கிடைத்த நேரத்தில் சரக்கை எடுத்து வைத்து, வசூல் கணக்கை முடித்து, ஆட்களை அனுப்ப முடிந்தது. நேரத்துக்குச் செய்தி வந்தால் துக்க நாளையும் ஒழுங்காகக் கடக்கலாம் என்பதற்கு இது உதாரணம்.

2016 டிசம்பர் 5

நம்மில் இளைய வியாபாரிகளுக்கும் நன்றாக நினைவிருப்பது இந்த நாள்தான்.

முதலமைச்சர் ஜெயலலிதா செப்டம்பர் 22ஆம் தேதி அப்போலோவில் சேர்க்கப்பட்டது முதல் 75 நாட்கள் வதந்திகளுக்குக் குறைவில்லை. வாட்ஸ்அப், பேஸ்புக்கில் தவறான தகவல் போட்டதாகச் சிலர் மீது வழக்குப் பதிவாகி, கைதும் நடந்தது. டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை மாலை அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டதாக அன்று இரவு மருத்துவமனை அறிவித்தது. மறுநாள் திங்கட்கிழமை காலையிலிருந்தே நம் ஊரில் வியாபாரம் சுரத்தாக இல்லை. எல்லோரும் டி.வி. முன்னால் நின்றார்கள்.

மாலை சுமார் 5.30 மணிக்குச் சில தமிழ்த் தொலைக்காட்சிகள் அவர் மறைந்துவிட்டதாகச் சொல்லிவிட்டன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறக்கப்பட்டது. சிறிது நேரத்தில் மருத்துவமனை மறுத்தது, சிகிச்சை தொடர்கிறது என்றது. கொடி மறுபடி மேலே ஏறியது. கடைசியில் இரவு 11.30 மணிக்கு மறைந்தார் என்று நள்ளிரவுக்குப் பின் அறிவிப்பு வந்தது. அந்த நேரத்தைப் பற்றியே பிற்பாடு கேள்வி எழுந்து, நீதிபதி ஆறுமுகசாமி ஆணையம் விசாரித்ததும், 2022இல் அதன் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டதும் தாங்கள் அறிந்ததே.

அந்த 5.30 மணிக்கு என் கடை வாசலில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஒரு லாரியில் வந்த சரக்கில் பாதி இறங்கியிருந்தது. டி.வி.யில் செய்தி வந்ததும் சுமை தூக்கும் ஆட்கள் தோளில் இருந்த மூட்டையை அப்படியே வாசலில் வைத்துவிட்டு நின்றுவிட்டார்கள். "முதலாளி, பஸ் நின்னுடும், கிளம்பறோம்" என்றார்கள். அவர்களில் பலர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. லாரிக்காரர் மீதிச் சரக்கோடு நின்றார். வாசலில் இருபது மூட்டை. தெருவில் ஒவ்வொரு ஷட்டராக இறங்கும் சத்தம்.

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு தங்கை அன்று சரக்கு எடுக்க வந்திருந்தார். நான்கு பைகளில் சாமான். பஸ் இல்லை. ஆட்டோ கேட்ட வாடகை அவர் எடுத்த சரக்கின் லாபத்தைவிட அதிகம். "அண்ணா, வீட்டிலே குழந்தைங்க தனியா இருக்கு" என்று கண்ணீரோடு நின்றார். என் மகன் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு இரவு பத்து மணிக்குத் திரும்பினான். அவன் திரும்பி வரும்வரை என் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இத்தனைக்கும் அன்று பணத்தட்டுப்பாடு வேறு. நவம்பர் 8ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து நான்கு வாரம்கூட முடியவில்லை. நடப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 50,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்ற நிலை. சில்லறைக் கடைக்காரர்கள் முன்னெச்சரிக்கையாகச் சரக்கு எடுக்க ஓடி வந்தார்கள், கையில் பணம் இல்லை. மூன்று நாள் கடை திறக்க முடியாதோ என்ற பயத்தில் கடன் கொடுத்தோம். அவசரத்தில் எழுதிய சிட்டைகளில் இரண்டு எனக்கு இன்றுவரை வசூலாகவில்லை. எழுதியது யார் பெயர் என்றே புரியவில்லை.

நல்லவேளையாக, பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. 6ஆம் தேதி மாலை அடக்கம் அமைதியாக நடந்தது.

கடைவீதியில் நடப்பது என்ன?

இத்தனை வருடம் பார்த்ததில், வதந்தி வந்த பிறகு சந்தையில் நடப்பது ஏறக்குறைய ஒரே வரிசையில் நடக்கிறது.

முதலில் போன்கள். சென்னை, சேலம், பெங்களூரில் இருக்கும் தரகர், உறவினர், லாரி அலுவலகம் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஒரே செய்தி வரும். ஐந்து பேர் சொன்னார்களே என்று நாம் நம்புகிறோம். அந்த ஐந்து பேரும் ஒரே ஆளிடம் கேட்டவர்களாக இருப்பார்கள்.

அடுத்து பெட்ரோல் பங்க், பால், ரொட்டி, காய்கறி, மருந்து. ஒரு லிட்டர் வாங்குகிற வீட்டில் மூன்று லிட்டர் வாங்குவார்கள். சரக்கு குறைந்ததாலோ விளைச்சல் குறைந்ததாலோ அல்ல, ஒரு வாரத்துத் தேவை ஒரு மணி நேரத்தில் வருவதால் தட்டுப்பாடு உண்டாகிறது. சில பேர் இந்த நேரத்தில் விலை ஏற்றுகிறார்கள். பத்து ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்து, பத்து வருட வாடிக்கையாளரை இழக்கிறார்கள்.

மூன்றாவது, பஸ்கள் குறைகின்றன. ஆட்கள் கிளம்புகிறார்கள். ஆள் இல்லாததால் மூட விரும்பாத கடையும் மூட வேண்டியதாகிறது.

நான்காவது, லாரிகள். தருமபுரி மாவட்டத்தின் இருப்பிடம் அப்படி. வடக்கே பெங்களூர், தெற்கே சேலம், நடுவில் நாம். 1987இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. அங்கே போக வேண்டிய சரக்கு இங்கே நின்றது. 2006 ஏப்ரல் 12ஆம் தேதி கன்னட நடிகர் ராஜ்குமார் பெங்களூரில் மறைந்தபோது அங்கே கலவரம், வடக்கே போகிற வண்டிகள் நின்றன. யார் எந்த ஊரில் மறைந்தாலும் வண்டி நிற்பது நம் தேசிய நெடுஞ்சாலையில்தான்.

இதில் புளி வியாபாரிக்கு நஷ்டம் குறைவு. புளி ஒரு மாதம் கிடந்தாலும் புளிதான். பாலக்கோட்டுத் தக்காளி அப்படி அல்ல. காலையில் பறித்துக் கூடையில் வந்த பழம் மறுநாள் மாலைக்குள் கைமாற வேண்டும். ஒருநாள் மார்க்கெட் நின்றால் விவசாயி பறித்த கூலியைக்கூட எடுக்க முடியாது. பூ, கீரை, இளநீர், வாழை இலை எல்லாம் இதே கதைதான். வதந்தியால் மொத்த வியாபாரிக்கு வருவது ஒருநாள் வியாபார நஷ்டம். தள்ளுவண்டிக்காரருக்கும் தக்காளி விவசாயிக்கும் வருவது கைமுதல் நஷ்டம். நாம் ஷட்டர் இறக்கும்போது இவர்களையும் நினைக்க வேண்டும்.

நம் ஊருக்கு ஏன் இவ்வளவு பயம்?

வெளியூர் நண்பர்கள், "தருமபுரியில்தான் சீக்கிரம் மூடுகிறீர்கள்" என்பார்கள். காரணம் இருக்கிறது.

2000 பிப்ரவரி 2ஆம் தேதி, கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்த அன்று, நம் ஊர் இலக்கியம்பட்டியில் சாலையில் வந்த கல்லூரிப் பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து கல்விச் சுற்றுலா வந்த மாணவிகள் மூவர் அந்தப் பேருந்திலேயே கருகி இறந்தார்கள். அவர்களுக்கும் அந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம்? அன்று வந்தது வதந்தி அல்ல, உண்மைச் செய்திதான். ஆனாலும் செய்தி வந்த சில மணி நேரத்துக்குள் அது நடந்தது. அந்தப் புகையைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் இன்னும் நம் கடைவீதியில் இருக்கிறார்கள். எனவே, "தைரியமாகத் திறந்து வையுங்கள்" என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சொல்லவும் கூடாது. உயிரைவிட வியாபாரம் பெரிது அல்ல. நான் சொல்வது, பயந்து மூடுவதற்கும் யோசித்து மூடுவதற்கும் வித்தியாசம் உண்டு என்பதுதான்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் நம் ஊருக்கு உண்டு. 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே சந்தன வீரப்பன் அதிரடிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் தருமபுரி அரசு மருத்துவமனைக்கு வந்தது. மறுநாள் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் பார்க்க வந்தார்கள். அவ்வளவு பெரிய மீசையைக் காணோம், அது அவரே இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. இறந்ததாக வந்த பொய்யை நம்பிய அதே ஜனங்கள், இறந்தது உண்மை என்று வந்தபோது நம்ப மறுத்தார்கள். பயமோ பாசமோ இருக்கும் இடத்தில் செய்தியை எடைபோடுவது யாருக்கும் கஷ்டம்தான்.

பம்பாயிலும் இதே நிலைதான்

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ள குணம் என்று நினைக்க வேண்டாம். 2012 நவம்பர் 14 இரவு, மும்பையில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே நிலைமை மோசம் என்று செய்தி பரவியது. மறுநாள் நகரின் பல பகுதிகளில் கடைகள் அடைக்கப்பட்டன. அவர் 17ஆம் தேதி பிற்பகல்தான் மறைந்தார். 18ஆம் தேதி இறுதி ஊர்வலம், நகரமே அடைப்பு.

அந்த அடைப்பைப் பற்றி பால்கர் ஊரைச் சேர்ந்த ஒரு இளம்பெண் பேஸ்புக்கில் கருத்து எழுதினார், இன்னொரு பெண் அதை விரும்பிக் குறியிட்டார். இருவரும் கைதானார்கள். அந்தக் கைது நாடு முழுவதும் பேசப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் போய், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செல்லாது என்று 2015 மார்ச் 24ஆம் தேதி தீர்ப்பானது. கடை அடைப்பு சரியா என்று கேட்பது குற்றம் அல்ல. ஆனால் பொய்ச் செய்தியைப் பரப்பிப் பீதி உண்டாக்குவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 505ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 353ஆம் பிரிவு. பீதி உண்டாக்கும் எண்ணத்தோடு வதந்தி பரப்பினால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து நல்லெண்ணத்தோடு சொன்னவருக்கு விலக்கு உண்டு. ஆனால் அதை நிரூபிக்க நாம் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். கடைவீதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு விரல் தட்டினால் போதும். ஆகவே கவனம்.

நாம் என்ன செய்யலாம்?

என் அனுபவத்தில் தோன்றியவற்றை வரிசையாகத் தருகிறேன். சங்கக் கூட்டத்தில் விவாதித்து, வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை நீக்கிக்கொள்ளலாம்.

1. ஒவ்வொரு கடைவீதிக்கும் மூன்று பேர் பொறுப்பு ஏற்க வேண்டும். செய்தி வந்தால் அவர்கள் மட்டும் காவல் நிலையத்திலும் மாவட்ட நிர்வாகத்திலும் விசாரித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நூறு கடைக்காரர்களும் நூறு பக்கம் போன் செய்தால் வதந்திதான் வளரும்.

2. மருத்துவமனை அறிக்கை, அரசு அறிவிப்பு இரண்டில் ஒன்று வராமல் "மறைந்தார்" என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லக் கூடாது, குழுவில் போடவும் கூடாது. "செய்தி பரவுகிறது, விசாரிக்கிறோம்" என்று சொன்னால் போதும்.

3. மூடுவதானால் ஒரே அடியாக மூட வேண்டாம். முதல் கட்டமாக வாசலில் இருக்கும் சரக்கை உள்ளே எடுங்கள், ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளே இருக்கும் வாடிக்கையாளருக்குச் சாமான் கொடுத்து அனுப்புங்கள். பொறுப்பாளர் சொன்ன பிறகு முழுவதும் மூடலாம். ஆனால் கண்ணெதிரே கல்லெறியோ கும்பலோ வந்தால் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

4. பால், மருந்து இரண்டுக்கும் எல்லாக் கட்சிக்காரர்களும் வழிவிடுவார்கள். அந்தக் கடைகள் எந்த நேரம் திறந்திருக்கும் என்பதைக் காவல்துறையோடு பேசி முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

5. தூரத்து ஊரிலிருந்து வந்த சில்லறை வியாபாரிகள், முக்கியமாகப் பெண்கள், எப்படித் திரும்பப் போவார்கள் என்று கேளுங்கள். சரக்கைக் கடையில் வைத்துக்கொண்டு ஆளை மட்டும் முதலில் அனுப்பலாம். சரக்கு மறுநாள் போகும்.

6. தினக்கூலி ஆட்களுக்கு அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். பாதி நாள் வேலை செய்தார்கள் என்று பாதிக் கூலி கொடுப்பது கணக்குக்குச் சரி, தர்மத்துக்குச் சரியல்ல. அவர்கள் மூடச் சொல்லவில்லை.

7. அவசரத்தில் கடன் கொடுத்தால் சிட்டையில் பெயர், ஊர், தொகை மூன்றையும் முழுதாக எழுதுங்கள். கையெழுத்து வாங்குங்கள். என் அனுபவம் உங்களுக்கு வேண்டாம்.

8. கல்லாவில் அதிகப் பணத்தை வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். அந்தப் பணத்தோடு தனியாகவும் போகாதீர்கள்.

9. வழியில் இருக்கும் லாரி டிரைவருக்கு நாமே போன் செய்ய வேண்டும். ஊருக்குள் நிறுத்தாமல், பெட்ரோல் பங்க் அல்லது சுங்கச்சாவடி அருகே மற்ற வண்டிகளோடு நிறுத்தச் சொல்லுங்கள். அழுகும் சரக்கு என்றால் அருகில் இருக்கும் மார்க்கெட்டில் வந்த விலைக்குத் தள்ளிவிட அவருக்கு அனுமதி கொடுங்கள்.

10. செய்தி பொய் என்று தெரிந்தால் பொறுப்பாளர்கள் முதலில் தங்கள் கடையைத் திறக்க வேண்டும். மூடியதைப் பார்த்து நம்பிய ஜனங்கள், திறந்ததைப் பார்த்துத்தான் நிம்மதி அடைவார்கள்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை

நம்மில் பலர் வங்கிக் கடனுக்காகப் பாலிசி எடுத்து, படிக்காமல் பெட்டியில் வைத்திருக்கிறோம். தீ விபத்துப் பாலிசிகளில் கலவரம், வேலைநிறுத்தம், வேண்டுமென்றே செய்யும் சேதம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு வியாபாரத்துக்கு 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியிலும் இது உண்டு. உங்கள் பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கலவரச் சந்தடியில் நடக்கும் திருட்டுக்குப் பொறுப்பு உண்டா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் கடை மூடிக் கிடந்ததால் போன வியாபாரத்துக்கும், லாரி நின்றதால் அழுகிய தக்காளிக்கும் இந்தப் பாலிசியில் பணம் வராது. உடைந்தது, எரிந்தது போன்ற கண்ணுக்குத் தெரியும் சேதத்துக்குத்தான் வரும். அதற்கும் காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை, போட்டோ, இருப்புப் புத்தகம் வேண்டும். இருப்புக் கணக்கின் பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். கடையோடு கணக்கும் எரிந்தால் எதைக் காட்டுவோம்?

இன்னொன்று. தமிழ்நாடு சொத்துக்கள் சேதம் மற்றும் இழப்புத் தடுப்புச் சட்டம் 1992 தனியார் சொத்தையும் உள்ளடக்கியது. கடைக்குச் சேதம் நேர்ந்தால் புகாரில் அந்தச் சட்டத்தையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

முடிவாக

தலைவர்கள் மேல் நம் மக்கள் வைத்திருக்கும் பாசம் சாதாரணமானது அல்ல. நம் கடைகளிலேயே கல்லாவுக்கு மேல் சாமி படத்தோடு தலைவர் படமும் இருக்கிறது. அவர் மறைந்தால் ஒருநாள் கடையை மூடி மரியாதை செய்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நானும் மூடியிருக்கிறேன், மாலை போட்டு விளக்கும் ஏற்றியிருக்கிறேன். மனம் வருந்தி மூடினால் அது மரியாதை. உயிரோடு இருக்கும் ஒருவருக்கு, யாரோ சொன்னார்கள் என்று பயந்து மூடினால் அதில் மரியாதை எங்கே இருக்கிறது?

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் வாயை மூடுவது நம் வேலையும் அல்ல. நம் ஷட்டர் எப்போது இறங்க வேண்டும் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை போன் வந்தால் ஷட்டர் கொக்கியில் கை வைக்குமுன் பத்து நிமிடம் விசாரிப்போம். அந்தப் பத்து நிமிடத்தில் தெருமுனை இட்லிக் கடைக்கார அம்மாவின் மாவும் தப்பலாம், பாலக்கோட்டு விவசாயியின் ஒரு லோடு தக்காளியும் தப்பலாம்.

பதறாத காரியம் சிதறாது. இந்தக் கருத்துகளை அடுத்த பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.